கிணற்று நீரின் நஞ்சை வெங்காய வேர் சொல்லும்

கிணற்று நீர் கெட்டுவிட்டது என்பதைக் கிராமத்தில் முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மாடுதான். தொட்டியில் ஊற்றிய நீரில் வாயை வைத்துவிட்டுக் குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொள்ளும். வேறு வழியின்றிக் குடித்தால் கழிச்சல் காணும், பால் குறையும். பிறகு பயிரின் இலை ஓரம் கருகும். அதற்கும் பிறகுதான் நீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கு அனுப்பும் எண்ணம் விவசாயிக்கு வருகிறது. சுருங்கச் சொன்னால், விவசாயியின் மாடும் பயிரும், சில வீடுகளில் குழந்தையும் பரிசோதனைப் பிராணிகளாக ஆகிவிடுகின்றன. இந்த நிலை மாற வேண்டும். எந்த உயிரையும் வதைக்காமல் நீரின் நச்சுத் தன்மையை அறியும் முறைகள் இப்போது உள்ளன. அவற்றுள் ஒன்றை வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்க்கலாம்.

தெள்ளார் வட்டாரத்துக் கிணறுகள்

வந்தவாசி - திண்டிவனம் சாலையில் உள்ள தெள்ளார், திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. நெல்லும் மணிலாவும் இங்கு முக்கியப் பயிர்கள். ஏரி நிரம்பாத ஆண்டில் கிணறே கதி. வடமேற்கே உள்ள ஆரணி, பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. ஆரணி கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர். அங்குள்ள கழிவு நீர் தெள்ளார் ஏரிகளுக்கு ஓடி வருவதில்லை. ஆனால் இரு வட்டாரத்துக் கிணறுகளும் கடினப் பாறைப் பகுதியில் வெட்டப்பட்டவை. பாறைக்குள் இருக்கும் வெடிப்புகளின் வழியாகத்தான் நீர் ஊறி வருகிறது. வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே அழுக்கும் போகும். அதனால் ஒரு கிணறு கெட்டிருக்க, நூறு கஜம் தள்ளியிருக்கும் கிணறு நன்றாக இருப்பது உண்டு. பக்கத்துக் கிணற்றின் ஆய்வு அறிக்கையை வைத்துத் தம் கிணற்றைப் பற்றி முடிவு செய்வது சரியாகாது.

கிணற்றைக் கெடுப்பவை பல. பட்டு நூலின் மேலுள்ள பசையை நீக்கச் சோப்பும் சலவைச் சோடாவும் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். பிறகு அமிலம் சேர்த்துச் சாயம் ஏற்றுவார்கள். சில சாயங்களில் குரோமியம், செம்பு போன்ற உலோகங்கள் உண்டு. அரிசி ஆலையில் நெல் ஊறிய நீர் தேங்கினால் அழுகி நாற்றமெடுக்கும். இவை மட்டுமா? அளவுக்கு மேல் இட்ட யூரியாவின் நைட்ரேட்டும், கிணற்று மேட்டில் தெளிப்பானைக் கழுவும்போது வழியும் பூச்சி மருந்தும் அதே கிணற்றில்தான் இறங்குகின்றன. ஆகவே சாயத் தொட்டிக்காரரை மட்டும் குற்றம் சொல்லி விவசாயி ஒதுங்கிவிட முடியாது. நெசவாளியும் விவசாயியும் குடிப்பது ஒரே நிலத்தடி நீரைத்தான்.

பாலாறு தந்த பாடம்

கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. முன்பு வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்த பகுதியிலேயே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை உள்ளன. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீர் பாலாற்றுப் படுகையிலும் வயல்களிலும் கிணறுகளிலும் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை அத்தீர்ப்பில் உறுதி செய்யப்பட்டது. அதன்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. சராசரிக் கணக்குப் போட்டால் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. 1991 முதல் 1998 வரை பட்ட நஷ்டத்துக்கு அவ்வளவுதான். அதோடும் முடியவில்லை. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவுகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது.

இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவோ இலட்சம் டன்களுக்கு மேல் குவிந்து கிடந்தது. மழை நீர் அதன் வழியே இறங்கி, அருகில் நிலத்தடி நீர் மஞ்சள் நிறமானது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிறுவனத்தின் வரம்பு. அந்த அளவில் நீருக்கு நிறமே இருக்காது. கண்ணுக்கு மஞ்சள் தெரியும்போது வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். கண்ணையும் நாக்கையும் நம்பினால் காலம் கடந்துதான் தெரியவரும்.

மீன் பிழைத்தால் போதுமா?

ஆலைக் கழிவு நீரை வெளியே விடலாமா என்று தீர்மானிக்கச் சட்டத்தில் பல அளவுகள் உள்ளன. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் வகுக்கப்பட்ட பொதுத் தர அளவுகளில் உயிரினச் சோதனை ஒன்றும் இடம் பெற்றது. கழிவு நீரில் மீன்களை விட்டு 96 மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு இருக்க வேண்டும் என்பது அந்த விதி. ரசாயன ஆய்வு பொருள்களைத் தனித்தனியாக எண்ணிச் சொல்லும். அவை எல்லாம் கூடி உயிருக்கு என்ன செய்யும் என்பதை ஓர் உயிர்தான் காட்ட முடியும். அந்த வகையில் விதியின் நோக்கம் சரியானதே.

ஆனால் கிணற்றை நம்பிப் பயிர் வைப்பவருக்கு இந்தச் சோதனை போதாது. முதலாவதாக, நான்கு நாளில் மீன் சாகவில்லை என்றால் உடனடி நஞ்சு இல்லை என்று மட்டுமே பொருள். நான்கு ஆண்டுகளில் மெல்ல நிலத்தில் சேரும் உப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இரண்டாவதாக, மீன் தாங்குவதைப் பயிர் தாங்காது. ஏரியில் வளரும் ஜிலேபிக் கெண்டை உவர் நீரிலும் நீந்தும். மணிலாவுக்கோ பாசன நீரின் மின் கடத்தும் திறன் 2.1 டெசிசைமனைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும், 3.3 ஆனால் பாதியாகிவிடும். டெசிசைமன் என்பது பழைய அறிக்கைகளில் வந்த மில்லிமோஸ் கணக்கேதான். மூன்றாவதாக, மீன் சோதனைக்குத் தொட்டிகளும் ஆட்களும் ஒரே வயது மீன்களும் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை ஒன்றியம் முழுவதும் உள்ள கிணறுகளுக்கு அதைச் செய்வது நடக்கிற காரியமல்ல. நான்காவதாக, மாற்று வழி இருக்கும்போது உயிரைத் துடிக்க விட்டுக் கணக்கெடுப்பதற்கு நியாயம் இல்லை. ஜெர்மனியில் 2005 முதல் கழிவு நீர்ச் சோதனைக்கு வளர்ந்த மீன்களை விடுத்து மீன் முட்டைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

வெங்காய வேர்ச் சோதனை

வெங்காயத்தை நீரின் மேல் வைத்தால் வேர் விடும். நீரில் நஞ்சு இருந்தால் முதலில் பாதிக்கப்படுவது வேர் நுனியே. அங்குதான் செல்கள் இடைவிடாமல் பிரிந்து வளர்கின்றன. சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் லெவான் 1938-ல் ஒரு ரசாயனத்தின் விளைவை வெங்காய வேரில் கண்டறிந்தார். அதே நாட்டின் ஃபிஸ்கெஷோ 1985-ல் இதை மாசு அறியும் சோதனையாக ஒழுங்குபடுத்தினார். அது முதல் பல நாடுகளில் ஆற்று நீருக்கும் ஆலைக் கழிவுக்கும் இச்சோதனை செய்யப்படுகிறது. செய்முறை வருமாறு.

ஒரே அளவுள்ள, அடிபடாத, முளை விடாத சிறிய வெங்காயங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த மேல் தோலை உரித்து, அடியில் உள்ள பழைய வேரை மட்டும் சுரண்ட வேண்டும். வேர் கிளம்பும் வளையம் காயப்படக் கூடாது. ஒவ்வொரு நீருக்கும் 12 வெங்காயம் வேண்டும். சிறிய கண்ணாடி டம்ளர்களில் நீரை நிரப்பி, வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடும்படி வைக்க வேண்டும்.

ஒரு வரிசையில் சந்தேகத்துக்குரிய கிணற்று நீர். மற்றொரு வரிசையில் நல்லது என்று தெரிந்த கிணற்றின் நீர். குழாய் நீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். மழை நீர் ஏற்றதல்ல. அதில் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் வேர் சரியாக வளராது. டம்ளர்களை வெயில் படாத இடத்தில் வைத்து, நாள்தோறும் அதே நீரைப் புதிதாக மாற்றி வர வேண்டும். மூன்று நாள் கழித்து, ஒவ்வொரு வரிசையிலும் மிக மோசமாக வளர்ந்த இரண்டைத் தள்ளிவிட்டு மீதிப் பத்தின் வேர் நீளத்தை அளந்து சராசரி காண வேண்டும்.

நல்ல நீரின் வேரோடு ஒப்பிடும்போது சந்தேக நீரின் வேர் முக்கால் பங்குக்கும் குறைந்திருந்தால் அந்தக் கிணற்றின் மேல் கண் வைக்க வேண்டும். பாதிக்கும் குறைந்திருந்தால் அது கடுமையான எச்சரிக்கை. வேர் கொக்கி போல் வளைந்திருப்பதும், நுனி வீங்கியிருப்பதும், பழுப்பு நிறமாவதும் நஞ்சின் அடையாளங்கள். நல்ல நீரிலேயே வேர் விடவில்லை என்றால் வெங்காயம் சரியில்லை. சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஈரத் துணியில் விதை முளைப்புத் திறன் பார்ப்பது விவசாயிகள் அறிந்ததே. பச்சைப் பயறு விதையை இரண்டு நீரிலும் நனைத்த துணியில் வைத்து இச்சோதனையை ஒத்துப் பார்க்கலாம். ஆனால் எத்தனை விதை முளைத்தது என்பதோடு நிறுத்தக் கூடாது. கெட்ட நீரிலும் விதை முளைத்துவிடும். முளை வேரின் நீளமே உண்மையைக் காட்டும்.

உப்பா, நஞ்சா?

வேர் குறைந்தால் அதற்குக் காரணம் வெறும் உப்பாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய மூன்றாவது வரிசை ஒன்று வைக்க வேண்டும். பேனா அளவிலான மின் கடத்துமானி இன்று கடைகளில் கிடைக்கிறது. நாலைந்து விவசாயிகள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கெட்ட நீரின் அளவைக் குறித்துக்கொண்டு, நல்ல நீரில் சமையல் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். லிட்டருக்கு 1 கிராம் உப்பு ஏறத்தாழ 2 டெசிசைமன் கூட்டும். கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் கலந்திருப்பதால், அதே அளவு சமையல் உப்பு நீரைவிட அதில் வேர் சற்று நன்றாகவே வளர வேண்டும். உப்பு நீர் வரிசையைக் காட்டிலும் கிணற்று நீர் வரிசை மோசமாக இருந்தால், உப்புக்கு மேல் வேறு ஏதோ அதில் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. உலோகத்துக்கும் சாயத்துக்கும் மருந்துக்கும் ஆய்வு செய்யும்படி வற்புறுத்திக் கேட்க அப்போது விவசாயியின் கையில் காரணம் இருக்கும்.

கெட்டது உப்பினால் மட்டும்தான் என்று தெரிந்தால், கிணற்று நீரையும் நல்ல நீரையும் சரிபாதி கலந்து நாலாவது வரிசை வைத்துப் பார்க்கலாம். ஏரி நீரோடு கலந்து பாய்ச்சினால் பயிர் தாங்குமா என்பதற்கு அதில் குறிப்புக் கிடைக்கும். நஞ்சு கலந்த நீருக்கு இந்த வைத்தியம் உதவாது. குரோமியத்தைப் பாதியாகக் கரைத்தாலும் அது நிலத்தில்தான் போய்ச் சேரும்.

ஆய்வுக்கூட முறைகள்

திண்ணைச் சோதனை எச்சரிக்கை மணி மட்டுமே. அடுத்த கட்டத்துக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அங்கும் பிராணி வதை இல்லாத முறைகள் பல வந்துவிட்டன. குட்டை நீரின் மேல் பச்சைப் பொட்டுகளாக மிதக்கும் லெம்னா என்ற சிறு செடியை ஏழு நாள் வளர்த்து இலைகளை எண்ணும் முறை ஒன்று. கடலில் வாழும் ஒளிவிடும் பாக்டீரியாவைப் பயன்படுத்துவது மற்றொன்று. நஞ்சு பட்டால் அரை மணிக்குள் அதன் ஒளி மங்கும். புற்றுநோய்க்கு வழி வகுக்கக் கூடிய மரபு மாற்றங்களைக் கண்டறிய, அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் 1970-களில் வகுத்த பாக்டீரியாச் சோதனை உண்டு. சாய நீரைப் பொறுத்தவரை இது முக்கியம். டிரவுட் மீனின் செவுளிலிருந்து முன்பே எடுத்துப் பெருக்கிய செல்களின் மேல் நீரைச் செலுத்தி 24 மணி நேரத்தில் முடிவு காணும் முறை 2021-ல் சர்வதேச வழிமுறையாக ஏற்கப்பட்டது. அச்செல்கள் ஆய்வுக்கூடத்திலேயே பெருகுவதால் சோதனைக்குச் சோதனை மீன் கொல்லப்படுவதில்லை.

இந்த அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பிராணிகளுக்கு மாற்று முறைகளைப் பரப்ப மகாத்மா காந்தி - டோரன்காம்ப் மையம் 2009-ல் தொடங்கப்பட்டது. வாழவச்சனூரில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. வெங்காய வேர் நுனியை மைக்ராஸ்கோப்பில் வைத்துச் செல் பிரிவது கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது கல்லூரி மாணவர்கள் செய்யக் கூடிய வேலையே. இத்தனை இருந்தும் கிணற்றடிக்கு இவை வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

இதற்கும் எல்லை உண்டு

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வெங்காய வேர் நன்றாக வளர்ந்ததாலேயே நீர் குடிக்க நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. புளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லி கிராமைத் தாண்டினால் ஆண்டுக்கணக்கில் குடிப்பவரின் பல்லும் எலும்பும் கெடும். வெங்காயத்துக்கு அது உறைக்காது. நைட்ரேட் 45 மில்லி கிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. பயிருக்கோ அது உரம். நோய்க் கிருமியையும் வேர் காட்டாது. மிகக் குறைந்த அளவு குரோமியம் மூன்று நாளில் வேரில் தெரியாமலும் போகலாம். குடிநீருக்கு ரசாயன ஆய்வும் கிருமி ஆய்வும் செய்தே தீர வேண்டும். வேர் கெட்டால் நீர் கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுவது சரி. வேர் நன்றாயிருந்தால் நீர் நல்லது என்று சான்று கொடுப்பது தவறு.

செய்ய வேண்டியவை

விவசாயிகள் ஆண்டுக்கு இரு முறை, கோடையின் கடைசியில் ஒன்றும் வட கிழக்குப் பருவ மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒன்றுமாக, தம் கிணற்றைச் சோதிப்பது நல்லது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு, அதே நீரால் மூன்று முறை அலசிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். மருந்துப் புட்டியையும் எண்ணெய்ப் புட்டியையும் பயன்படுத்தக் கூடாது. கிணற்றின் சர்வே எண், தேதி, ஆழம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். பாசனத்துக்கான ஆய்வை மண் பரிசோதனை நிலையத்திலும், குடிநீருக்கான ஆய்வைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்திலும் செய்துகொள்ளலாம். உலோகத்துக்கும் சாயத்துக்கும் ஆய்வு வேண்டும் என்றால் அதைத் தனியே எழுதிக் கேட்க வேண்டும். வழக்கமான பாசன நீர் ஆய்வில் அவை சேராது. முடிவுகளை ஒரு நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும். நாளை இழப்பீடு கேட்கும் நிலை வந்தால், கிணறு முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி.

அரசு செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, தெள்ளார் போன்ற ஒவ்வொரு ஒன்றியத்திலும் வேளாண்மை விரிவாக்க மையத்தோடு சேர்த்து ஒரு நீர்ச் சோதனை மேடை அமைக்க வேண்டும். மின் கடத்துமானி, அமில காரத் தன்மை அளக்கும் கருவி, சில டம்ளர், ஒரு மைக்ராஸ்கோப், பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் போதும். ஆரணிப் பக்கத்துச் சாயப் பட்டறைக் கிணறுகளுக்கும் அதே சேவை கிடைக்க வேண்டும். இரண்டு, அங்கு வேர் கெட்டுப் போன மாதிரிகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கட்டணமின்றி உலோக ஆய்வு செய்து, முடிவை எழுத்து மூலம் தர வேண்டும். மூன்று, நான்கு நாள் மீன் பிழைப்பதை அளவுகோலாகக் கொண்ட விதியைத் திருத்தி, வேர், லெம்னா, பாக்டீரியா, செல் ஆகிய சோதனைகளைச் சேர்த்து, மீன் உயிரையும் காக்க வேண்டும்.

செலவு அதிகம் என்று இதற்குப் பதில் வரலாம். பாலாற்றில் ஆன செலவை வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமில்லை. அந்த 29,193 பேருக்கும் நிலம் கெட்ட பிறகுதான் கணக்கு எடுக்கப்பட்டது. தெள்ளார் விவசாயி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பட்டத்துக்கு மணிலா விதைப்பதற்கு முன் மூன்று நாள் ஒதுக்கி, இரண்டு டஜன் வெங்காயத்தை வைத்துத் தம் கிணற்றைச் சோதித்துப் பார்க்கட்டும்.